மாணிக்கமும் ஸ்பினலும்



சிவந்த மணி என்றவுடனே நம் நாவில் முதலில் வந்து நிற்கும் பெயர் மாணிக்கம். ஒன்பான் மணிகளுள் ஒன்றாக அதனை நம் முன்னோர் போற்றினர். பெற்ற பிள்ளைக்கு அப்பெயரை இட்டு அழைத்தனர். மாணிக்கம் என்னும் பெயருடையார் ஒருவரேனும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் சிவந்து ஒளிவிடும் கல் எல்லாம் மாணிக்கம் ஆகிவிடாது. அதனோடு ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில், பெரும்பாலும் ஒரே மண்ணிலேயே கிடைக்கும் மற்றொரு மணி உண்டு. அதன் பெயர் ஸ்பினல். இவ்விரண்டையும் பல நூற்றாண்டுகள் உலகம் ஒன்றென்றே கருதிவந்தது. அவை வேறு வேறு என்பதை அறிவியல் எவ்வாறு கண்டது, இன்று ஒரு மாணவன் அதனை எவ்வாறு காணலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மயக்கம் எத்துணைப் பெரிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இங்கிலாந்து அரசரின் அரசுமுடியில், நெற்றிக்கு நேராக, கோழிமுட்டையைச் சற்றே ஒத்த ஒரு பெரிய சிவப்புக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 170 காரட்டு. ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்பது அதன் பெயர். 1367ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் காஸ்டில் அரசர் பெட்ரோ என்பவர், தமக்குப் போரில் உதவிய ஆங்கில இளவரசர் எட்வர்டுக்கு அதனை வழங்கினார் என்பது வரலாறு. 1415ஆம் ஆண்டில் நடந்த அஜின்கோர்ட்டுப் போரில் ஐந்தாம் ஹென்றி மன்னர் அதனைத் தம் தலைக்கவசத்தில் அணிந்திருந்தார் என்று வழிவழியாகக் கூறுவர். 2023ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மூன்றாம் சார்லசு மன்னர் முடிசூடிக் கோயிலினின்று வெளியே வந்தபோது அவர் தலையில் இருந்ததும் அந்த முடியே. ஆயினும், பெயரில் மாணிக்கமாகிய அக்கல் உண்மையில் மாணிக்கம் அன்று, ஸ்பினல். நம் நாட்டு முகலாய வேந்தர்களின் பெயர் பொறிக்கப்பெற்று, 1851ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரிடம் சென்று சேர்ந்த ‘தைமூர் மாணிக்கம்’ என்பதும் ஸ்பினலே. உருசியப் பேரரசி கேதரீன் 1762ஆம் ஆண்டில் சூடிய முடியின் உச்சியில், 400 காரட்டு அளவில் நிற்கும் செம்மணியும் ஸ்பினலே. அரசர்களும், அவர்தம் கருவூலக் காப்பாளர்களும் மயங்கிய இடத்தில் ஏனையோர் மயங்கியதில் வியப்பில்லை.

எனினும் எல்லாரும் மயங்கினர் என்று கூறிவிடுதல் முறையாகாது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி என்னும் பேரறிஞர், பதக்‌ஷான் மலைப்பகுதியில் கிடைத்த செம்மணியை ‘லால்’ என்றும், உண்மை மாணிக்கத்தை ‘யாகூத்து’ என்றும் பிரித்தே பேசினார். மணிகளை நீரைக் கொண்டு அளந்து, அவற்றின் எடையை ஒப்பிட்டும் பார்த்தார். முகலாயர் அவையிலும் இவ்விரு பெயர்களும் தனித்தனியே வழங்கின. ஐரோப்பாவில் இவ்வேறுபாட்டைப் படிகங்களின் வடிவத்தைக் கொண்டு தெளிவாக நிலைநாட்டியவர் ரோமே த லீல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அது நடந்தது 1783ஆம் ஆண்டில்.

இனி இரண்டு கற்களின் இயல்புக்கு வருவோம். முதலாவது, அவை எதனால் ஆனவை?

மாணிக்கம் குருந்தம் என்னும் கனிப்பொருளைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதனைக் ‘கொரண்டம்’ என்கின்றனர். அச்சொல் நம் குருந்தம் என்னும் சொல்லினின்றே பிறந்தது என்பதைத் தமிழ் மாணவர்கள் மறத்தல் கூடாது. அரத்தையும் கத்தியையும் தீட்டும் சாணைக்கல்லுக்கு வேண்டிய குருந்தக்கல் நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் கிடைப்பதே. சாணை பிடிப்பவரின் கல்லும் அரசரின் மோதிரக்கல்லும் பொருளால் ஒன்றே. குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள். இரண்டு அலுமினிய அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்பது அதன் கணக்கு. ஸ்பினலில் இவற்றோடு மக்னீசியமும் சேர்கிறது. ஒரு மக்னீசியம், இரண்டு அலுமினியம், நான்கு ஆக்சிஜன் என்பது அதன் கணக்கு. ஆக, மக்னீசியம் ஒன்று புகுந்ததே இரண்டிற்கும் உள்ள முதல் வேறுபாடு.

அங்ஙனமாயின் நிறம் ஒன்றாயிருப்பது ஏன்? தூய குருந்தத்திற்கும் நிறமில்லை. தூய ஸ்பினலுக்கும் நிறமில்லை. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்காங்கே ஒரு குரோமிய அணு வந்து அமர்ந்துகொள்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு, அதனினும் குறைந்த அளவு குரோமியமே போதும். அது வெள்ளொளியிலுள்ள ஊதாப் பகுதியையும், பச்சையும் மஞ்சளும் கலந்த பகுதியையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடுகிறது. விழுங்கிய ஒளியின் ஒரு பகுதியை மீண்டும் சிவப்பொளியாகவே உமிழவும் செய்கிறது. இவ்வாறு உள்ளிருந்தே கனலும் தன்மையினாற்போலும் மாணிக்கத்தைத் தணலுக்கு ஒப்பிட்டனர் புலவர். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தியோடர் மைமன் என்னும் அமெரிக்க அறிஞர் உலகின் முதல் லேசர் கருவியை இயக்கியபோது, அதன் நடுவே அமைந்திருந்தது மனிதன் செய்த ஒரு மாணிக்கக் கோலே. குரோமியம் உமிழும் அந்தச் சிவப்பொளியே லேசராய் வெளிப்பட்டது. இரு கற்களுக்கும் நிறம் தரும் கைகாரன் ஒருவனே ஆதலால், கண் அவற்றைப் பிரித்தறிய இயலாமல் தடுமாறுகிறது.

இரண்டாவது, படிக வடிவம். ஸ்பினல் கனசதுர வகையைச் சேர்ந்தது. இயற்கையில் அது எண்முகப் படிகமாக விளைகிறது. இரண்டு கூர்நுனிக் கோபுரங்களை அடிக்கு அடி ஒட்டவைத்தாற்போன்ற தோற்றம். அதன் கூர்மையைக் கண்டே, முள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று ஸ்பினல் என்னும் பெயர் வந்தது என்பர். மாணிக்கமோ அறுகோண உருவில், தட்டையாகவோ பீப்பாய் போலவோ விளைகிறது. வெட்டித் தீட்டாத கல்லாயின், வடிவமே பாதி உண்மையைக் கூறிவிடும். ஆற்றில் உருண்டு கூழாங்கல்லாகிவிட்டாலோ, பட்டை தீட்டப்பட்டுவிட்டாலோ இந்தச் சான்று அழிந்துபோகிறது.

மூன்றாவது, கடினத்தன்மை. ஒரு பொருள் மற்றொன்றைக் கீறுமா என்பதைக் கொண்டு மோஸ் என்னும் செருமானிய அறிஞர் பத்துப் படிகள் வகுத்தார். வைரம் பத்தாம் படி. மாணிக்கம் ஒன்பதாம் படி. ஸ்பினல் எட்டாம் படி. மாணிக்கம் ஸ்பினலைக் கீறும். ஸ்பினல் மாணிக்கத்தைக் கீறாது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இவை வரிசை எண்களே அன்றி அளவு எண்கள் அல்ல. வகுப்பில் முதல் மாணவனுக்கும் இரண்டாம் மாணவனுக்கும் இடையே ஒரு மதிப்பெண்ணும் இருக்கலாம். முப்பது மதிப்பெண்ணும் இருக்கலாம். அதுபோலவே ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளி, எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ளதைவிட மிகப் பெரிது. மற்றொன்று, தெருப்புழுதியில் மிகுதியாக உள்ள மணல் ஏழாம் படியைச் சேர்ந்தது. ஆகவே ஏழுக்குக் கீழ்ப்பட்ட கற்கள் துடைக்கத் துடைக்க மங்கும். மாணிக்கமும் ஸ்பினலும் அதற்கு மேற்பட்டவை. தலைமுறை தலைமுறையாக அணிந்தாலும் மங்கா.

கல்லைச் சம்மட்டியால் அடித்துப் பார்க்கலாம், உடையாவிட்டால் உண்மையானது என்று சிலர் கூறுவதுண்டு. அதனை ஒருபோதும் செய்யற்க. கீறலுக்கு அஞ்சாமை வேறு. அடிக்கு அஞ்சாமை வேறு. வைரமே அடித்தால் பிளக்கும். தீட்டிய மணியைக் கீறிப் பார்ப்பதும் தகாது. பொருளை அழித்து உண்மையை அறிதல் அறிவுடைமை அன்று. சிலப்பதிகாரத்தை இங்கே நினைவுகூரலாம். இரு சிலம்புகள் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தன. ஒன்றன் உள்ளே இருந்த பரல் முத்து. மற்றொன்றன் உள்ளே இருந்தது மாணிக்கம். சிலம்பை உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. உடைக்காமல், முன்கூட்டியே ஆராய்ந்தறியும் வழிகளைத் தேடியதே மணி ஆராய்ச்சியின் பெருமை.

அத்தகைய வழிகளுள் முதன்மையானது ஒப்படர்த்தி. இது நான்காவது இயல்பு. ஒரு பொருள், தன் பருமனுக்குச் சமமான நீரைப்போல் எத்தனை மடங்கு எடை உடையது என்பதே ஒப்படர்த்தி. மாணிக்கத்திற்கு இது 4.00; ஸ்பினலுக்கு 3.60. மாணிக்கத்தில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஸ்பினலில் அத்துணை நெருக்கமில்லை. இதனை அளக்க ஆர்க்கிமிடீசு காட்டிய வழியே போதும். கல்லைக் காற்றில் எடையிடுக. பின்பு மெல்லிய இழையில் தொங்கவிட்டு நீரில் மூழ்கியபடி எடையிடுக. காற்றிலுள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுக்க வேண்டும். 1 கிராம், அதாவது 5 காரட்டு எடையுள்ள மாணிக்கம் நீரில் 250 மில்லிகிராம் எடை குறையும். அதே எடையுள்ள ஸ்பினல் 278 மில்லிகிராம் குறையும். வேறுபாடு 28 மில்லிகிராமே. ஆகவே பள்ளி ஆய்வுக்கூடத்துப் பௌதிகத் தராசில், கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு, பொறுமையோடு செய்ய வேண்டிய சோதனை இது. நீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்வது நலம். இல்லையேல் நுண்ணிய காற்றுக்குமிழிகள் கல்லில் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். இழையின் எடையையும் கழித்துவிட வேண்டும்.

இனி ஒளியியல் இயல்புகளைக் காண்போம். அவற்றுள் முதலாவது ஒளிவிலகல் எண். ஒளி காற்றில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. மணியினுள் புகுந்ததும் அதன் வேகம் குறைகிறது. ஸ்பினலின் ஒளிவிலகல் எண் 1.718. ஆகவே அதனுள் ஒளியின் வேகம் ஏறத்தாழ 1,75,000 கிலோமீட்டர். மாணிக்கத்தின் எண் 1.762 முதல் 1.770 வரை. அதனுள் வேகம் ஏறத்தாழ 1,70,000 கிலோமீட்டர். ஒளிவிலகல் எண் மிகுந்தால் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் மிகும். கணக்கிட்டுப் பார்த்தால், நேராக விழும் ஒளியில் மாணிக்கம் நூற்றுக்கு 7.7 பங்கும், ஸ்பினல் நூற்றுக்கு 7 பங்கும் திருப்பி அனுப்புகின்றன. இந்த முக்கால் பங்கு வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் காண இயலாது. ‘பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்’ என்பாரின் பேச்சு எவ்வளவு உறுதியானது என்பதை இக்கணக்கே உணர்த்தும். ஆனால் ஒளிவிலகல்மானி என்னும் சிறு கருவியில், தீட்டிய முகத்தை வைத்து நோக்கினால், மூன்றாம் பதின்கூறு வரை எண்ணைப் படித்துவிடலாம்.

அக்கருவியில் மற்றொரு புதுமையும் தெரியும். ஸ்பினலுக்கு நிழற்கோடு ஒன்றே, மாணிக்கத்திற்கோ இரண்டு. இதுவே இரட்டை ஒளிவிலகல் எனப்படுவது. கனசதுர வகைப் படிகத்தில் எத்திசையில் சென்றாலும் ஒளிக்கு வழி ஒன்றுபோலவே இருக்கும். மாணிக்கம் போன்ற படிகத்தில் அவ்வாறன்று. உட்புகும் கதிர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று 1.762 என்ற எண்ணுக்கேற்பவும், மற்றொன்று 1.770 என்ற எண்ணுக்கேற்பவும் வேறு வேறு வேகத்தில் செல்கிறது. வேறுபாடு 0.008 மட்டுமே. ஐசுலாந்துச் சுண்ணாம்புப் படிகத்தில் இது 0.172, ஆதலின் அதன்வழியே பார்த்தால் எழுத்துக்கள் இரண்டாகத் தெரியும். மாணிக்கத்தில் அவ்வாறு வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் பொலராய்டுத் தகடுகள் இரண்டிருந்தால் இதனை எளிதில் காணலாம். ஒரு தகட்டின்மேல் மற்றொன்றை வைத்துச் சுழற்றினால் ஒரு நிலையில் ஒளி முற்றும் மறைந்து இருளாகும். அந்நிலையில் இரண்டிற்கும் இடையே கல்லை வைத்து மெல்லச் சுழற்றுக. ஸ்பினல் இருளாகவே இருக்கும். மாணிக்கம் ஒரு முழுச் சுற்றில் நான்குமுறை ஒளிர்ந்து நான்குமுறை மறையும். இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாணிக்கத்திற்கும் ஒளி இரண்டாகப் பிரியாத திசை ஒன்று உண்டு. அதனை ஒளியச்சு என்பர். அத்திசையில் நோக்கினால் மாணிக்கமும் இருளாகவே தோன்றும். ஆகவே கல்லைப் பல பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

இரட்டை ஒளிவிலகலோடு இணைந்த மற்றொரு பண்பு இருநிறத்தன்மை. மாணிக்கத்தில் பிரிந்து செல்லும் இரு கதிர்களுக்கும் நிறம் சிறிது வேறுபடுகிறது. ஒன்று ஊதா சார்ந்த சிவப்பு; மற்றொன்று செம்மஞ்சள் சார்ந்த சிவப்பு. ஸ்பினல் எத்திசையிலும் ஒரே சிவப்பு. மணி செதுக்குவோர் மாணிக்கத்தை எப்பக்கம் மேலாக வைத்து வெட்டுவது என்று நெடுநேரம் ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இயல்புகள் புத்தகத்தில் அடங்கிக் கிடப்பவை என்று எண்ணவேண்டா. நான் மேனிலைப் பள்ளியில் பணியாற்றிய நாளில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சிவப்புக் கல்லைப் பஞ்சில் சுற்றி எடுத்துவந்தான். அவன் பாட்டனார் பர்மாவில் வேலை பார்த்தவர். 1942ஆம் ஆண்டில், போருக்கு அஞ்சி ஓடிவந்த பல்லாயிரவரோடு கால்நடையாகத் தாயகம் திரும்பியவர். அவர் கொண்டுவந்த ஒரே செல்வம் அக்கல். ‘மாணிக்கம்’ என்று சொல்லி வைத்துவிட்டு இறந்துபோனார். குடும்பத்தில் நெருக்கடி நேர்ந்தபோது விற்கச் சென்றனர். கடைக்காரர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, வெறும் கண்ணாடி என்று சொல்லிவிட்டார். அன்று முதல் உறவினரிடையே அம்முதியவர் பர்மாவில் ஏமாந்தவர் என்ற பேச்சு எழுந்தது. பையன் கேட்டது விலையை அன்று. “இது என்னவென்று நாமே கண்டுபிடிக்க முடியுமா, ஐயா?” என்று கேட்டான்.

மூன்று சோதனைகள் செய்தோம். முதலில் ஒரு குடுவையில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, அதன்வழியே விளக்கொளியைச் செலுத்தினோம். நீலமாக வெளிவந்த ஒளியைக் கல்லின்மேல் வீழ்த்தி, சிவப்புக் கண்ணாடி வழியே நோக்கினோம். அந்த நீல ஒளியில் சிவப்பே இல்லை. ஆகவே கல் தானே சிவப்பை உமிழ்ந்தாலன்றி அது தெரியாது. ஆனால் கல் தணலைப்போல் கனன்றது. சாதாரணச் சிவப்புக் கண்ணாடி அவ்வாறு கனலாது. சிவப்புக் கார்னெட்டும் கனலாது. இரும்பு மிகுந்த மாணிக்கங்கள் சில மங்கலாகவே கனலும் என்பதால், கனலாமை ஒன்றைக்கொண்டு முடிவுகட்டலாகாது. கனன்றதோ நல்ல சான்று. அடுத்து, முப்பரிமாணத் திரைப்படத்தின்போது கொடுத்த கண்ணாடி ஒன்று மாணவர் ஒருவரிடம் இருந்தது. அதன் இரு வில்லைகளும் பொலராய்டுத் தகடுகளே. அவற்றிடையே கல்லை வைத்து எல்லாப் பக்கமும் திருப்பினோம், இருளாகவே இருந்தது. ஆகவே மாணிக்கம் அன்று. இறுதியாகத் தராசு. காற்றில் 1.206 கிராம். நீரில் குறைந்தது 0.335 கிராம். மாணிக்கமாயின் 0.302 அளவே குறைந்திருக்கும். வகுத்தால் 3.60.

அது கண்ணாடியும் அன்று, மாணிக்கமும் அன்று. பர்மாவின் மோகோக்குப் பகுதியில் மாணிக்கத்தோடு உடன்பிறப்பாய்க் கிடைக்கும் ஸ்பினல் என்பதற்கு மூன்று சான்றுகளும் ஒத்துநின்றன. மறுநாள் பையனின் தாயார் பள்ளிக்கு வந்தார். “அப்படியென்றால் எங்கள் மாமனார் சொன்னது பொய்யா, ஐயா?” என்று கேட்டார். “இல்லை அம்மா. இங்கிலாந்து அரசரின் முடியில் இருப்பதும் இதே இனத்துக் கல்தான். அதனையும் மாணிக்கம் என்றே அழைக்கிறார்கள். உங்கள் மாமனார் கொண்டுவந்தது நல்ல மணி, பெயர் மட்டுமே வேறு” என்றேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, அக்கல்லை இனி விற்பதில்லை என்று கூறிச் சென்றார். தராசு ஒன்று ஒரு மனிதரின் நற்பெயரை மீட்டுத் தந்ததை அன்று என் மாணவர்கள் நேரிற் கண்டனர்.

மோகோக்கில் இவ்விரண்டும் ஒருங்கே கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகள் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாக மாறியவை. அம்மாற்றத்தின்போது, மக்னீசியம் வேண்டிய அளவு கிடைத்த இடத்தில் ஸ்பினலும், அஃது இல்லாத இடத்தில் மாணிக்கமும் விளைந்தன. பின்னர் மழையும் ஆறும் பாறையைக் கரைத்தன. கடினமும் கனமும் உடைய இம்மணிகள் மட்டும் அழியாமல் ஆற்றுச் சரளையில் சேர்ந்து தங்கின. இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியிலும் மண்ணுக்கடியில் உள்ள சரளையைத் தோண்டிக் கூடைகளில் அரித்தெடுக்கும்போது பலவகை மணிகள் கலந்தே கிடைக்கின்றன. ஒரே கூடையில் கிடைத்த இரு சிவப்புக் கற்களை ஒரே பெயரால் அழைத்தது இயல்பேயன்றோ?

இன்று இந்த ஆராய்ச்சி முன்னிலும் இன்றியமையாததாகிவிட்டது. வெர்னாய் என்னும் பிரெஞ்சு அறிஞர், அலுமினா தூளைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டச் செய்து மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பொருளும் குருந்தமே. கடினம், ஒப்படர்த்தி, ஒளிவிலகல் எண் யாவும் இயற்கை மாணிக்கத்தை ஒத்தவையே. உருப்பெருக்கியில் நோக்கினால், இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்த கோடுகள் உள்ளே தெரியும். இயற்கை மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். பட்டிழை போன்ற நுண்ணூசிகளும் மூன்று திசைகளில் பின்னிக்கிடப்பதுண்டு. இயற்கை ஸ்பினலின் உள்ளேயோ, குட்டி எண்முகப் படிகங்கள் வரிசையாகக் காணப்படுவதுண்டு. இவையன்றி, வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய மாணிக்கங்களும் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் சந்தையில் மிகுதியாக வந்துள்ளன. ஆகவே விலை கொடுத்து வாங்குவோர், தேர்ந்த மணி ஆய்வுக்கூடத்தின் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் நல்லது. பள்ளிச் சோதனை கல்லின் இனத்தைக் காட்டும். அதன் பிறப்பையும், அதற்குச் செய்த செயற்பாட்டையும் காட்டுவதற்கு நுண்கருவியும் நெடும்பயிற்சியும் வேண்டும்.

ஸ்பினலுக்கு நெடுங்காலம் ‘போலி மாணிக்கம்’ என்னும் இழிபெயர் இருந்தது. அஃது எவரையும் ஏமாற்றப் பிறக்கவில்லை. நாமே தவறான பெயரைச் சூட்டிவிட்டு, பின்பு அது பொய்த்தது என்று குறை கூறினோம். இன்று அதன் மதிப்பு உயர்ந்துள்ளது. 2007ஆம் ஆண்டில் தான்சானியா நாட்டின் மஹேங்கேப் பகுதியில் மிகப் பெரிய ஸ்பினல் படிகங்கள் கிடைத்தன. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிக அமைப்புகள், ஆகஸ்டு மாதத்து மணிகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்துக்கொண்டன. பெரும்பாலும் சூடேற்றாமலேயே அழகிய நிறத்தோடு கிடைப்பது அதற்குள்ள தனிச்சிறப்பு.

மாணவ நண்பர்களே, மாணிக்கமும் ஸ்பினலும் உங்கள் கையில் இல்லை என்று வருந்தவேண்டா. இருமணிகளின் பாடத்தையும் கடைத்தெருப் பொருள்களைக் கொண்டே செய்து பார்க்கலாம். ஒரு துண்டுப் படிகாரமும், ஒரு துண்டுக் கற்கண்டும் வாங்குக. படிகாரத்தை வெந்நீரில் நிறையக் கரைத்து, அசையாத இடத்தில் மூடிவைத்து, நூலொன்றைத் தொங்கவிடுங்கள். சில நாட்களில் நூலில் விளையும் படிகங்களை உற்று நோக்குங்கள். ஸ்பினலைப் போன்ற எண்முகப் படிகங்களைக் காண்பீர்கள். படிகாரமும் கனசதுர வகையே. கற்கண்டு, மாணிக்கத்தைப்போல் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் இனத்தது. பொலராய்டுத் தகடுகளிடையே இரண்டையும் வைத்துத் திருப்புங்கள். படிகாரம் இருண்டிருக்கும், கற்கண்டு ஒளிரும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் வெள்ளைக் கல்லே. நாவில் வைத்துப் பார்ப்பவன் ஒன்றையே அறிவான். ஒளியில் வைத்துப் பார்ப்பவன் அவற்றின் உள்ளமைப்பையே அறிவான். செய்து பார்த்து, கண்டதைத் தேதியிட்டு உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.